நிற்காத கதை

'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பரிலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வந்துபோனதிலிருந்து டெல்லித் தமிழர்களிடையே ஒரு பெருமை பரவியிருக்கிறது. படத்துக்கு மூலமான கல்கியின் நாவலில் ஐந்து பாகங்களையும் முடித்துவிட்டோம் என்கிற பெருமை. நேரம் எங்கே கிடைத்தது என்று கேட்டால், மெட்ரோவில், ஒலிநூலாகக் கேட்டு என்கிறார்கள். மயூர் விஹாரில் ஏறி ராஜீவ் சௌக்கில் மாறி மத்திய செயலகத்தில் இறங்குவதற்குள் இரண்டு அத்தியாயம். வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் மூன்று. கல்கி தீர்ந்ததும் சாண்டில்யன், அவரும் தீர்ந்தால் செயலியே அடுத்ததைக் காட்டுகிறது. இதைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் சமாதானம் தயாராக இருக்கிறது: கேட்பதும் வாசிப்புதான், கதாகாலட்சேபமும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த பரம்பரை நாம், அச்சுப் புத்தகம் நேற்று வந்தது, காது ஆதியிலிருந்தே இருக்கிறது. பொழுதுபோக்காகக் கேட்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. இந்தச் சமாதானத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒலிநூலின் நன்மைகள் வெளிப்படையானவை. 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நூல்களை இசைத்தட்டில் பதிவு செய்யத் தொடங்கியதே பார்வையற்றவர்களுக்காகத்தான். அவர்களுக்கு இன்றும் அது பெரிய துணை. கண் மங்கிய முதியவர்களுக்கும், அடுப்படியை விட்டு நகர முடியாதவர்களுக்கும் இது வரப்பிரசாதம். சில எழுத்து காதுக்கென்றே பிறந்ததும் உண்டு. டெல்லி வானொலியில் வேலை பார்த்த தி. ஜானகிராமனின் உரையாடல்களைத் தஞ்சாவூர்ப் பேச்சு நாக்கில் படிந்த ஒருவர் படித்துக் கேட்பது, காவிரிக் கரையைப் பார்த்தேயிராத டெல்லிப் பிள்ளைக்கு அச்சில் கிடைக்காத லாபம்.

என் குறை ஒன்றே ஒன்று, பல வருஷமாகச் சொல்லி வருவது: ஒலிநூல் தானாக நிற்பதில்லை. வாசிப்பவரின் கண் ஓயாமல் நின்று நின்று போகிறது. ஒரு வாக்கியம் உறுத்தினால் மேல்வரிக்குத் திரும்புகிறது; ஒரு பெயர் மறந்துபோனால் நாலு பக்கம் பின்னால் புரட்டுகிறது; ஒரு நகைச்சுவை தாமதமாகப் பிடிபட்டால் அங்கேயே சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. இதில் எதையும் அவர் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஒலியிலும் நிறுத்த ஒரு பொத்தான் உண்டே, பதினைந்து விநாடி பின்னால் போகவும் வழியுண்டே என்பார்கள். உண்டுதான். ராஜீவ் சௌக்கில் நீலப் பாதையிலிருந்து மஞ்சள் பாதைக்கு மாறும் நெரிசலில், தோளில் லேப்டாப் பையும் கையில் டிபன் பையுமாக, அந்தப் பொத்தானைத் தேடுகிறவர் யார்? புத்தகமாக இருந்தால் அந்த ஐந்து நிமிஷமும் மூடியே இருந்திருக்கும். காதிலோ நாவலின் நாயகன் வந்தியத்தேவன் பாட்டுக்குக் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறான். வீரநாராயண ஏரிக்கரையில் இருந்தவன், நாம் அடுத்த நடைமேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கடம்பூர் மாளிகை வாசலில் நிற்கிறான். நடுவே வைணவன் ஆழ்வார்க்கடியான் சைவரோடும் அத்வைதியோடும் போட்ட சண்டை காற்றில் போயிற்று. அது போனதால் கதை புரியாமலா போய்விட்டது? அடுத்து நடப்பது நன்றாகவே புரிகிறது. அதனால்தான் இழந்தது என்னவென்று கேட்பவருக்குத் தெரிவதே இல்லை. கதை மட்டும் சேதமில்லாமல் வந்து சேர்கிறது, கல்கி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறார்.

தொடர்கதை விஷயத்தில் இந்தச் சேதம் இரட்டிப்பாகிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை ஆண்டு, 'கல்கி' வார இதழில் வந்தது. முதல் பாகம் 57 அத்தியாயம், கடைசிப் பாகம் 91, மொத்தம் 293. அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு அலறலோ, இருட்டில் ஓர் உருவமோ, பாதியில் அறுந்த ஒரு பேச்சோ இருப்பதற்குக் காரணம், அடுத்து ஏழு நாள் வாசகர் தனியாக இருக்கப்போகிறார் என்பது கல்கிக்குத் தெரியும். அந்த ஏழு நாளில்தான் நந்தினி நல்லவளா கெட்டவளா என்று வீடுகளில் வாதம் நடந்தது. தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த கொண்டையும் கண்ணும் அந்த வாதத்துக்குச் சாட்சி சொல்ல வந்தன. அந்த இடைவெளியும் நாவலின் ஒரு பகுதிதான். செயலியில் ஓர் அத்தியாயம் முடிந்த மறுநொடி அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஏழு நாள் சுமக்க வேண்டிய புதிரை நாம் ஒரு மூச்சுகூடச் சுமப்பதில்லை. கட்டிய புத்தகத்தை ஒரே ராத்திரியில் முடிக்கிறவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குத் தூக்கம் வந்தால் புத்தகம் மார்பின் மேல் விழுந்துவிடும். ஒலி விழுவதில்லை. நாம் குறட்டை விட்ட பிறகும் குந்தவை பேசிக்கொண்டிருப்பாள். இதற்காகவே தூங்கும் நேரத்தில் ஒலியை அணைக்கச் செயலிகள் ஒரு டைமர் வைத்திருக்கின்றன. கேட்பவர் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் இது ஓடும் என்பதற்குத் தயாரிப்பாளர்களே எழுதிக்கொடுத்த வாக்குமூலம் அது. இந்த ஓட்டத்துக்கென்றே இப்போது கதைகளும் தயாராகின்றன. பாக்கெட் எஃப்எம் போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கான எபிசோடுகள் நீளும் தொடர்களைக் கேட்டால், அடுத்தது என்ன என்ற ஒற்றைக் கேள்வியைத் தவிர வேறெதையும் அவை கேட்பவரிடம் எழுப்ப விரும்பவில்லை என்பது விளங்கும். கல்கியையும் அதே காதால், அதே வேகத்தில் கேட்டுவிட்டு இலக்கியம் படித்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இனி அந்தக் கதாகாலட்சேபச் சமாதானம். இதைச் சொல்கிறவர்கள் ஒரு காலட்சேபத்திலாவது கடைசி வரை உட்கார்ந்தவர்களா என்று சந்தேகம் வருகிறது. பாகவதர் கதையை நேராக ஓட்டிக்கொண்டு போவதில்லை. சிப்ளாக் கட்டை ஓய்ந்ததும் ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்குள் ஓர் உபகதை. சபை சிரித்தால் அந்த வரியை மறுபடி சொல்வார், கொட்டாவி விட்டால் வேறு பக்கம் திருப்புவார். வில்லுப்பாட்டிலோ குழுவில் ஒருவர் 'ஆமாம்' போட்டுக் கேள்வி கேட்பதற்கென்றே இருக்கிறார். கதையை நிறுத்துவதுதான் அவர் உத்தியோகம். வட மாவட்டங்களில் பாரதப் பிரசங்கம் பல நாள் நடக்கும். செய்யுளைப் பாடிவிட்டுப் பொருள் சொல்லாமல் அடுத்த செய்யுளுக்குப் போகமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கதை முன்பே தெரியும். பாஞ்சாலிக்கு என்ன ஆகுமோ என்று பதைக்க யாரும் அங்கே வருவதில்லை. இவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கவே வருகிறார்கள். ஆக, நம் வாய்மொழி மரபு முழுக்க நிற்பதற்கும் திரும்புவதற்கும் இடம் வைத்துக் கட்டியது. அதைக் காட்டி இடைவிடாமல் ஓடும் பதிவுக்கு வக்காலத்து வாங்குவது, சாட்சியை எதிர்க்கட்சியிலிருந்து கூட்டி வருவது போல.

நாடகமாக நடித்துப் பதிவு செய்வதில் இன்னொரு வினை சேர்கிறது. பல குரல், பின்னணி இசை, குதிரைக் குளம்பு, வாள் உரசல். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் மரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்த இருட்டில் அது நடக்கிறது. கொன்றது யார் என்பதைக் கல்கி வேண்டுமென்றே உறுதி செய்யாமல் விட்டார். இன்றுவரை அந்தக் கேள்வி ஓயவில்லை. எழுத்தில் இருட்டை இருட்டாகவே வைக்க முடியும். ஒலியில் அந்த முனகல் யாருடையது, காலடி எந்தப் பக்கமிருந்து வருகிறது, அது கனத்த காலா லேசான காலா என்று பதிவு செய்கிறவர் ஏதோ ஒரு முடிவெடுத்தே தீர வேண்டும். எடுத்ததும், வாசகருக்குக் கல்கி விட்டுவைத்த உரிமை பறிபோகிறது. மந்தாகினியின் கதி இன்னும் மோசம். ஊமை ராணி வாயில்லாதவள். காகிதத்தில் அவளுக்கும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே மை கிடைக்கிறது. கண்ணாலும் கையாலும் அவள் சொல்வது பக்கத்தில் நிறைந்து நிற்கிறது. ஆளுக்கொரு குரல் கொடுத்த பதிவில் குரலில்லாதவள் அவள் ஒருத்தி. கதையின் முடிச்சையே கையில் வைத்திருப்பவள் பின்னணி இசையாகச் சுருங்குகிறாள். நடிப்பைக் குறைத்தால் பாதிக் கெடுதல் போய்விடும். ஆகாசவாணியில் டெல்லியிலிருந்து பல பத்தாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலை நினைவிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். துக்கச் செய்திக்கு அவர் அழுததில்லை. அந்த வேலையை நமக்கு விட்டுவைத்தார். இன்றைய ஒலிநூல் குரல்கள் நமக்குப் பதிலாகத் தாங்களே அழுதுவிடுகின்றன.

படித்தாலும் கேட்டாலும் மனதில் பதிவது ஒன்றேதான் என்று ஆராய்ச்சியே சொல்கிறதே என்பது அடுத்த வாதம். 2016இல் பெத் ரொகோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். ஒரே நூற்பகுதியைச் சிலர் படித்தார்கள், சிலர் கேட்டார்கள், சிலர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். பிறகு கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சரி. ஆனால் கொடுக்கப்பட்ட நூல் லாரா ஹில்லன்பிராண்டின் 'அன்புரோக்கன்', உண்மை வாழ்க்கை வரலாறு. அளந்தது நினைவில் தங்கிய செய்தியை. என்ன நடந்தது என்பது காதில் தங்கும் என்று நானும்தான் சொல்கிறேன். அது மட்டுமே தங்கும் என்பதுதான் புகார். 1970களின் டெல்லியை வைத்து ஆதவன் எழுதிய 'காகித மலர்கள்' நாவலில் என்ன நடந்தது என்று கேட்டால் நாலு வரியில் சொல்லிவிடலாம். அதில் மனிதர்கள் வாயால் ஒன்று பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னொன்று ஓடுகிறது. தாங்கள் போடும் வேஷத்தைத் தாங்களே வேடிக்கை பார்க்கிறார்கள். பேச்சு எங்கே முடிந்து நினைப்பு எங்கே தொடங்கியது என்று கண் தடுமாறி, திரும்பிப் போய்ப் பார்த்து, அந்த வேஷம் தன்னுடையதும்தான் என்று கண்டுபிடிக்கும்போதுதான் அந்த நாவல் வேலை செய்கிறது. ஒலியில் இந்தத் தடுமாற்றத்துக்கே வழியில்லை, பேச்சுக்கு ஒரு தொனியும் நினைப்புக்கு ஒரு தொனியும் கொடுத்துப் படிப்பவர் முன்கூட்டியே பிரித்துவைத்துவிடுவார். காதால் மட்டும் தமிழ் இலக்கியம் அறிந்த ஒருவருக்கு ஆதவன் கதையே இல்லாத எழுத்தாளராகத்தான் தெரிவார். அப்படிப்பட்ட வாசகர் கூட்டம் பெருகினால் ஆதவன் மாதிரி எழுதவும் ஆள் வராது.

டெல்லியில் சொல்லப்படும் கடைசி வாதம்தான் உருக்கமானது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. பள்ளியில் ஹிந்தி, அதோடு சமஸ்கிருதமோ பிரெஞ்சோ. அவர்களுக்குக் கல்கியிடம் போக ஒலிநூலை விட்டால் வேறு கதவு ஏது? கேட்கும்போது மனம் இளகுகிறது. யோசித்தால் கோபம் வருகிறது. எழுத்தறிந்தவருக்கு ஒலிநூல் பல வழிகளில் ஒன்று. எழுத்தறியாத பிள்ளைக்கு அது ஒரே வழி. அந்த வழி எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது சந்தை. விற்கும் என்று தோன்றியது பதிவாகும், மற்றது ஆகாது. கேட்டதில் சந்தேகம் வந்தால் சரிபார்க்கப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு உதவாது. ஆயுளுக்கும் யாரோ ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். பார்வையற்றவர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாட்டை, நல்ல கண்ணுள்ள குழந்தைக்குப் போதும் என்று பெற்றோர் தீர்மானிப்பதை வேறெப்படிச் சொல்வது? சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும். தேவநாகரி தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து மலையல்ல. க வரிசையில் அங்கே நாலு எழுத்து நிற்கும் இடத்தில் இங்கே ஒன்றுதான். இந்த ஊரில் 1946இலேயே தமிழ்ச் சங்கம் கண்டார்கள், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளை நடத்தினார்கள். அந்தத் தலைமுறையின் பேரப் பிள்ளைகள் ஐந்து பாகம் 'முடித்துவிட்டு' அட்டையிலுள்ள தலைப்பைப் படிக்க முடியாமல் நிற்பதைச் சாதனையாகக் கொண்டாடுகிறோம்.

பதிவு செய்கிறவர்களுக்கு: இசையைக் குறையுங்கள், ஒரே குரலில் படியுங்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் தானாகத் தாவுவதை விரும்புகிறவர் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். பெற்றோருக்கு: கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகி வெகு காலம் ஆகிறது, மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஐந்து பாகமும் எழுத்தாகவே கிடக்கின்றன. ஒலி ஓடும் அதே போனில் அதையும் திறந்து பிள்ளையின் முன் வையுங்கள். குரல் போகும் வரியைக் கண்ணும் தொடரட்டும், புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கட்டும். செயலிக்குக் கட்டும் சந்தாவுக்கு மேல் ஒரு பைசா இதற்குச் செலவாகாது.