அணையாகப் படுத்தது யார்?

காஞ்சிபுரத்தை ஒட்டி ஓடும் ஆறு வேகவதி. திருமுக்கூடலில் அது பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. இந்த ஆற்றுக்குத் தலபுராணம் வைத்திருக்கும் கதை ஊரறிந்தது. தன்னை விட்டுவிட்டுப் பிரம்மா யாகம் பண்ணுகிறார் என்ற கோபத்தில் சரஸ்வதி ஆறாகப் பெருகி வருகிறாள். பெருமாள் குறுக்கே படுத்து அணையாகிறார். திருவெஃகா கோயிலில் இன்றைக்கும் கிடந்த கோலம்தான்.

பக்திக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. வெள்ளம் வந்தால் எவனாவது உடம்பைக் கொடுத்துத் தடுக்கணும் என்கிற அனுபவம் இந்தக் கதைக்குள்ளே கிடக்கிறது. அந்த அனுபவம் யாருடையது?

தொண்டைமண்டலம் ஏரிகளின் நாடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடுராத்திரி கரை அரிக்குதுன்னா, வைக்கோலும் மண்ணும் சுமந்துகிட்டு ஓடினவன் நீர்க்கட்டி. மதகு திறக்கிறது, மடைக்கு மடை தண்ணி முறை பார்க்கிறது, கலங்கலைக் காவல் காக்கிறது எல்லாம் அவன் வேலை. பல ஊர்களில் அவன் சேரிக்காரன். கூலி, களத்தில் அளந்து போட்ட நெல்லு. ஊர் நிலத்துக்கெல்லாம் தண்ணியைப் பங்கு வைத்தவனுக்கு ஊர்க் கிணத்தில் ஒரு குடம் மொள்ள உரிமை இல்லை. கரையைக் காத்த அவன் உடம்பைப் புராணம் பாடவில்லை. அந்தச் செயலைத் தூக்கிக் கடவுளுக்குச் சூட்டிவிட்டது.

புராணம் போகட்டும், கல்வெட்டு சாட்சி சொல்லாதா என்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை ஜனநாயகத்தின் பெருமையாகப் பாடநூல்களில் நிற்கின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேர். அந்த 6 பேராக யார் வரலாம்? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு. பிரம்மதேயச் சபை அது. மண் சுமந்தவனுக்கு அங்கே ஓலையும் இல்லை, குடமும் இல்லை. பழைய ஏரிப் பாசனத்தை 'ஊரே கூடிக் காத்த பொதுச்சொத்து' என்று மெச்சுகிற சூழலியல் எழுத்து இந்த மௌனத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஊர் என்ற சொல்லுக்குள் சேரி இருந்ததா என்று அது கேட்பதே இல்லை.

இதே காஞ்சியைப் பற்றி வேறொரு பிரதியும் நமக்கு உண்டு. மணிமேகலையில் காஞ்சி மழையில்லாமல் பசியில் கிடக்கிறது. அரசன் அமைத்த பொழிலும் பொய்கையும் இருக்கும் இடத்துக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வருகிறாள். குருடர், செவிடர், முடவர், நாதியற்றவர் எல்லாருக்கும் சோறு போடுகிறாள். பொய்கை வெட்டினவன் பெயர் இந்தப் பௌத்தக் காப்பியத்திலும் இல்லைதான். ஆனாலும் அங்கே வந்தவரிடம் யாரும் பிறப்பைக் கேட்கவில்லை. 1927 மார்ச் 20இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்த குளத்துத் தண்ணீரோடு சேர்த்து வாசிக்க வேண்டியது இந்தப் பொய்கையை.

இன்றைக்கு வேகவதியில் சாக்கடையும் சாயக்கழிவும் ஓடுகின்றன. கரையில் குடியிருந்த ஏழைகளுக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர் வைத்துக் கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிகளுக்கு அனுப்புகிறார்கள். ஆறு காப்பாற்றப்படணும், அதில் சந்தேகமில்லை. மேட்டு நிலமெல்லாம் பட்டாவாகிப் போன ஊரில் நிலமில்லாதவன் ஆத்தங்கரைக்கு வராமல் வேறெங்கே போவான்? அவனுடைய நிலமின்மையைச் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இலேயே அறிக்கையாக எழுதினார். பஞ்சமி நிலம் அதன் பிறகு வந்தது. காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994இல் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் வேறு, நீர் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மறைக்கிறார்கள்.

கரை எந்த இடத்தில் இளகும், எந்த மடை எப்போது அடைக்கணும் என்கிற அறிவு கல்வெட்டில் இல்லை. நீர்க்கட்டி வேலை பார்த்த கிழவர்கள் இன்னும் சில சேரிகளில் இருக்கிறார்கள். அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதி வைக்கிறதுதான் இந்த ஆற்றின் முதல் புராணம். அதை நாம்தான் எழுதணும்.