இரண்டாவது சர்வைப் பாருங்கள்

டென்னிஸ் வீராங்கனை கோகோ காஃப் 2018இல் பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்றபோது அவருக்கு 14 வயது. மறுவருடமே தகுதிச் சுற்றில் ஜெயித்து விம்பிள்டனுக்குள் நுழைந்து, அங்கே ஐந்து முறை சாம்பியனான வீனஸ் வில்லியம்ஸை முதல் சுற்றிலேயே 6-4, 6-4 என்று வீழ்த்தினார். யூடியூபில் அந்த ஆட்டத்தைத் தேடுபவர்கள் கடைசிப் பாயிண்டையும் கைகுலுக்கலையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு ஜூனியர் எப்படித் தேறி வருகிறார் என்பது அங்கே தெரியாது.

ஜூனியர் போட்டிகளில் ஒன்றிரண்டு பலம் இருந்தாலே கோப்பை வரை போய்விடலாம். காஃபுக்குக் கால்களின் வேகமும் இரட்டைக் கை பேக்ஹேண்டும் இருந்தன. தொழில்முறை ஆட்டத்தில் எதிரே நிற்பவருக்கு இதுதான் பிழைப்பு. ஓட்டை எங்கே என்று சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடுவார். அப்புறம் வருடக்கணக்கில் பந்து அங்கேதான் வந்து விழும். காஃபுக்கு அது ஃபோர்ஹேண்ட். நிதானிக்க விடாமல் நெருக்கினால் அந்தப் பக்கம் தடுமாறும். ஆகவே பந்தோடு கண்ணை ஓடவிடாதீர்கள். எதிராளி எந்தப் பக்கத்தைக் குறிவைக்கிறார் என்று முதல் நாலைந்து கேம்களில் கண்டுபிடியுங்கள்.

2022 பிரெஞ்சு ஓப்பன் இறுதிப் போட்டியையும் 2023 அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முன்னதில் ஷ்வியான்டெக்கிடம் 6-1, 6-3 என்று சுருண்டார். பின்னதில் சபலென்காவிடம் முதல் செட்டை 2-6 என்று இழந்த பிறகு அடுத்த இரண்டையும் வென்றார். சாகசமான அடி எதுவும் பெரிதாக இல்லை. போன பந்தையெல்லாம் விரட்டிப் பிடித்துத் திருப்பி அனுப்பி, சபலென்காவை இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று அடிக்கவைத்தார். தற்காப்பு ஆட்டம் சலிப்பூட்டும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

எல்லாவற்றையும்விட இரண்டாவது சர்வ். முதல் சர்வைத் துணிந்து ஓங்கலாம், தவறினால் இன்னொன்று இருக்கிறது. 30-40 என்ற நிலையில் போடும் இரண்டாவதில் கை நடுங்கினால் ஒளிக்க முடியாது. 2024 அமெரிக்க ஓப்பனில், நடப்புச் சாம்பியனான காஃப் நான்காவது சுற்றில் எம்மா நவாரோவிடம் தோற்றார். அன்று அவர் செய்த டபுள் ஃபால்ட் 19. பிறகு பயிற்சியாளர் மாறினார், சர்வுக்கு ராக்கெட்டைப் பிடிக்கும் முறையும் மாறியது. 2025இல் பிரெஞ்சு ஓப்பனை வென்றார். அப்படியும் அந்த சர்வ் முழுதாக வசப்படவில்லை.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். 2022இல் நுங்கம்பாக்கம் மைதானத்தில் நடந்த சென்னை ஓப்பனை வென்ற செக் வீராங்கனை லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்கு அப்போது 17 வயதுதான். இறுதிப் போட்டிக்குக் காத்திருக்காமல் தகுதிச் சுற்று நாட்களிலேயே போங்கள். 2019இல் லின்ஸ் நகரில் நடந்த போட்டியின் தகுதிச் சுற்றில் காஃப் தோற்றே போனார். யாரோ விலகியதால் உள்ளே வந்து பட்டத்தையே வென்றார். ஓரத்துக் கோர்ட்டுகளில் கூட்டம் இருக்காது. சர்வ் போடுபவரின் முதுகுக்குப் பின்னால், தாழ்வான வரிசையில் உட்காருங்கள். பந்து எவ்வளவு சுழன்று இறங்குகிறது என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.