இரண்டு கடலுக்கு நடுவே ஒரு வேன்

ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போவதைக் கண்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பாம்பன் பாலத்தில் ஒரு படம், கோயிலில் 22 தீர்த்தம், தனுஷ்கோடியில் வறுத்த மீன், ராத்திரிக்குள் மதுரை. இப்படியா ஒரு கரையைப் பார்ப்பது? கேரவன் எடுத்துக்கொண்டு வாருங்கள். மண்டபத்தில் நிறுத்துங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். மீதியை இந்த ஊர் பார்த்துக்கொள்ளும்.

காற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கடலில் கால் நனைத்துவிட்டு, அந்த ஈரத்தோடு இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு ஒடுங்கிய நிலம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் எல்லாம் தலைகீழ். விடுதியில் அறை எடுத்தவருக்கு ஒரே கடல்தான், அது எந்த மனநிலையில் இருக்கிறதோ அதுதான் அவருக்குக் கிடைத்தது. வேனில் வந்தவருக்குச் சாவியைத் திருகினால் அடுத்த கடல்! காலையில் வடகரையில் காபி, மத்தியானம் தென்கரையில் சாப்பாடு என்று நாங்கள் வாழ்ந்த வாழ்வை எந்த நட்சத்திர விடுதியும் தராது.

வரும் மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். தை பிறந்து பங்குனி வரை சொர்க்கம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பூநாரைகள் வந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவது மட்டுமே கிடைக்கும். புயல் மாதங்களில் வேனை இந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம்.

வண்டி பெரிதாக இருக்கக் கூடாது. சினிமாக்காரர்களின் பஸ் அளவு கேரவன் மீனவக் குடியிருப்புகளுக்குள் நுழையாது, நுழைந்தாலும் தாழத் தொங்கும் மின்கம்பி விடாது. ஃபோர்ஸ் டிராவலரை மாற்றியமைத்த வண்டி போதும்: இரண்டு படுக்கை, ஒற்றை அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், எடுத்துக் காலி செய்கிற மாதிரிக் கழிப்பறை, கூரையில் சோலார் பலகை. சோலாரைப் பற்றி இங்கே கவலையே வேண்டாம். இதே மாவட்டத்துக் கமுதியில்தான் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது, வெயிலின் தாராளத்தை அதை வைத்தே புரிந்துகொள்ளலாம். தண்ணீர்தான் தங்கம். ராமநாதபுரத்திலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள். இந்தக் கரைக்குக் காவிரித் தண்ணீர் எத்தனையோ மைல் தாண்டிக் குழாயில் வருகிறது. ஒரு குடத்துக்காகப் பெண்கள் காத்திருக்கும் ஊரில் வண்டியைக் கழுவுகிறேன் என்று நிற்காதீர்கள். உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்னும், உண்மைதான். அதைத் திரும்பிப் போகும் வழியில் சர்வீஸ் நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மதுரை வழி வேகமானது, அதனாலேயே எனக்கு அது பிடிக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி வாருங்கள். தஞ்சை மாவட்டத்தில் மனோரா வரும். நெப்போலியன் தோற்ற செய்தியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம், எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் சவுக்குத் தோப்புக்குள் ஒரு நினைவுச்சின்னம்! அதன் எதிரே தெரிகிற கடலில்தான் ஆவுளியா மேய்கிறது, கடற்பசு. தஞ்சை, புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அப்புறம் மீமிசல், தொண்டி. தொண்டி தாண்டிக் காரங்காட்டில் கட்டாயம் நிறுத்துங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகில் போகலாம், துடுப்பு போடத் தெரிந்தால் கயாக்கும் உண்டு. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைக் கும்பிட்டுவிட்டு ராமநாதபுரம் வந்தால், மண்டபம் சுமார் 40 கிலோமீட்டர்தான்.

உச்சிப்புளி தாண்டி வடக்கே பிரிந்தால் அரியமான். சவுக்கு நிழல், தட்டையான மணல், முழங்கால் ஆழத்துக்கு மேல் போகவே மனமில்லாத கடல். பிள்ளைகளை நம்பி இறக்கிவிடலாம். பக்கத்தில் பிரப்பன்வலசையில் நின்றபடியே துடுப்பு போடும் பலகை விளையாட்டு சொல்லித் தருகிறார்கள். இரவு நிறுத்துவதானால் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டவரை யாரும் இங்கே விரட்டுவதில்லை. கடலோரக் காவல் படையினர் வந்து விசாரிப்பார்கள், இலங்கை அருகில் இருக்கிற கரை இது. அடையாள அட்டையும் வண்டிக் காகிதங்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தார்ச்சாலையை விட்டு மணலில் மட்டும் இறக்கவே வேண்டாம்.

மண்டபத்து விடியலை எப்படி எழுதுவேன்! விசைப்படகுகளுக்கு வாரத்தில் சில நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகிறார்கள். அதனால் எந்தக் காலையில் போனாலும் ஏதாவது ஒரு மீன் துள்ளிக்கொண்டிருக்கும். வடகரையில் ஓர் அக்கா கூடையைச் சாய்த்துக் காட்டினார், நீல நிறத்தில் கொடுக்கை விரித்தபடி நண்டுகள். ஒவ்வொன்றையும் முதுகோடு பிடித்துத் திருப்பி, அடிவயிற்றை அழுத்திப் பார்த்து, கல்லாக இருந்ததை மட்டும் எங்கள் பையில் போட்டார். மெத்தென்று இருந்தால் சதை இல்லையாம். "மசாலாவக் கொட்டிக் கெடுத்துராதீக தம்பி, மொளகும் பூண்டும் தட்டிப் போடுங்க, போதும்" என்று சொல்லித்தான் காசையே வாங்கினார். வேனின் பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து, அடுப்பைக் காற்றுக்கு மறைத்து வைத்து, அவர் சொன்னபடியே செய்தோம். அந்த ருசிக்கு நான் இன்னும் பத்துத் தடவை ஊர் தாண்டி வருவேன்.

தென்கரையில் வேறொரு உலகம். விரல்களில் துணி சுற்றி, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை மாட்டி, நீச்சல் கண்ணாடி கட்டிக்கொண்டு பெண்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறார்கள். பாறையில் விரல் கிழியாமல் இருக்கத்தான் அந்தத் துணி. மூழ்கி எழும்போதெல்லாம் இடுப்பில் கட்டிய பை கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிறது. நாம் சாப்பிடும் ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் சேரும் பொருள்களுக்குக் கடற்பாசிதான் மூலம். தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப் பாறைகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவில் நினைத்தபடி கால் வைக்க முடியாது. குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போய் வரலாம். அதே குந்துகாலில்தான் 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பி வந்து கரையிறங்கினார்.

மண்டபத்தில் ஒரு மத்தியானத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒதுக்குங்கள். 1947-ல் பிறந்த இந்த நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது, பிற்பாடு கொச்சிக்குப் போனது. கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் வித்தையை 2010-ல் இந்த மண்டபத்தில்தான் சாதித்தார்கள். அங்கிருக்கும் மீன் காட்சியகத்தை விட்டு எங்கள் பிள்ளைகள் வர மறுத்தார்கள்.

மண்டபம் முகாமைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, பிள்ளைகளிடம் கதையைச் சொல்லுங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்தி வைத்த இடம் அது. 1983-க்குப் பிறகு அதே கடலைத் தாண்டி அகதிகளாக வந்தவர்களுக்கும் அதுவே வாசல். விடுமுறைக்கு வந்தோம் என்பதற்காக இதைப் பேசாமல் போகலாமா?

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது. அதன் மேல் வண்டியை நிறுத்துவது ஆபத்து. கரையில் வேனை விட்டுவிட்டு நடந்து போங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்கக் கண் கொள்ளாது. பழையது இரண்டாகப் பிளந்து கப்பலுக்கு வழிவிட்டது. புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலெழும்புகிறது. ரயில் எந்த நேரம் வரும் என்று கேட்டுவைத்துக்கொண்டு போனால் கொடுத்துவைத்தவர்கள்.

தனுஷ்கோடியை அதிகாலையில் பாருங்கள். 1964 டிசம்பரில் புயல் அழித்த ஊருக்குள், 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போகிறது. இரு பக்கமும் கடல், இடப்பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், வலப்பக்கத்தை ஆண் கடல். மாலையானதும் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவதால் இரவு தங்கும் கனவு வேண்டாம். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் தை மாசி மாதங்களில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். கூட்டமாக இறக்கையை விரித்தால் அந்த இளஞ்சிவப்பு… போய்ப் பாருங்கள்!

திரும்புவது தெற்கு வழியாக இருக்கட்டும். சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கடலை விடாமல் தூத்துக்குடி வரை போகலாம். வழியோரம் பனைகள், பருவத்தில் பதநீரும் நுங்கும். கீழக்கரையில் தொதல் வாங்குங்கள், அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கரண்டி நிற்காமல் கிண்டியது. அரைக் கிலோ போதும் என்று நினைப்பீர்கள், போதாது. இரண்டு கிலோவாக வாங்கி ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியிலேயே வையுங்கள், தூத்துக்குடி வருவதற்குள் பாதி தீர்ந்திருக்கும்.