கடலுக்குக் கணையாழி

18-ஆம் நூற்றாண்டில் கானலெட்டோ தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம்: வெனிஸ் துறையிலே புசிண்டோரோ எனும் பொற்கலம், சூழப் படகுகள், கரையிலே மக்கள் வெள்ளம். ஆண்டுதோறும் ஏசுவின் விண்ணேற்றத் திருநாளன்று நாட்டதிபர் அக்கலமேறிச் சென்று, கடலில் மோதிரமிட்டு அதனை மணம் புரிந்தாராம்! மணமகள் கட்டுப்பட்டாளா? 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்குக் கடல்வழி கண்டார். மிளகு வாணிபம் வெனிசின் தனியுடைமையாக நிற்கவில்லை. மோதிரம் மட்டும் விழுந்துகொண்டேயிருந்தது!

ஓவியனின் கைவன்மையை மறுப்போமல்லோம். தீட்டிய நீரில் ஒளி நெளிகிறது. ஆயினும், கீழ்த்தட்டிலமர்ந்து கலத்தை நகர்த்திய துடுப்பாளர் 168 பேர். அவர்தம் முகங்களைத் தேடுகிறோம், பொன்தான் தெரிகிறது. அந்தப் பொன்னுக்காகவே 1798-இல் பிரெஞ்சுப் படையினர் கலத்தைக் கொளுத்தினர்.