கேட்டிருக்கலாம், கேட்டிருப்பார், கேட்டார்

குடும்ப வரலாறு தேடுகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பாட்டனுக்குப் பாட்டன் பெயர் ஏதோ ஒரு பழைய பதிவேட்டில் கிடைத்துவிடும். பக்கத்தில் 'தச்சர்' என்றோ 'கொல்லர்' என்றோ ஒரே ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முழு ஆளையே கட்டி எழுப்பிவிடுவார்கள். கைநேர்த்தி உள்ளவராம், நாணயஸ்தராம், ஊரே மதித்ததாம். இதெல்லாம் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கு என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இந்த விஷயத்தை யோசிக்க எனக்குப் பெரிதும் உதவிய புத்தகம், பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலேன் கோர்பேன் 1998-ல் வெளியிட்ட லூயி-பிரான்சுவா பினகோவின் வரலாறு. ஆங்கிலத்தில் 2001-ல் வந்தது. பினகோ யார்? யாருமே இல்லை. அதுதான் விஷயமே. 1798-ல் பிறந்து 1876-ல் இறந்த ஒரு மரக்காலணித் தொழிலாளி. நம்மூர்ச் சாமியார்களின் பாதக்குறடு மாதிரி இல்லை. ஒரே மரத்துண்டைக் குடைந்து கால் முழுக்க மூடும்படி செய்வது. நார்மண்டியில் உள்ள ஓர்ன் மாவட்டத்தில், பெல்லேம் காட்டோரத்தில் ஒரிஞி-ல-புத்தேன் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறிதான். கடிதம், நாட்குறிப்பு, வாக்குமூலம் என்று எதுவும் விட்டுப் போகவில்லை.

கோர்பேனுக்கு இவர் உறவும் இல்லை. மாவட்ட ஆவணக் காப்பகப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஊரைத் தொட்டார். அந்த ஊரின் பத்தாண்டுப் பிறப்பு அட்டவணையிலிருந்து இரண்டு பெயர்களை எடுத்தார். ஒருவர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். மிச்சம் இருந்தவர் பினகோ. வரலாற்றில் பெயர் எடுத்தவர்களை மட்டும் எத்தனை காலம் எழுதுவது, ஒரு தடமும் விடாமல் போன ஒருவரை எழுத முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

முதலில் அவரிடம் இருந்தது என்ன என்று பார்ப்போம். 1792-ல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவைப் புரட்சி அரசு பாதிரியார்களிடமிருந்து எடுத்து ஊர் நிர்வாகத்திடம் கொடுத்தது. அதனால் பினகோவுக்குப் பிறப்புப் பதிவு இருக்கிறது. (அப்போது புரட்சி நாட்காட்டி நடப்பில் இருந்ததால் '1798' என்று தேடினால் கிடைக்காது. குடியரசு ஆண்டு 6, 7 என்று தேடணும்.) 1836 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பெயர்வாரிக் குடிமதிப்புப் பட்டியல்கள் கிடைக்கின்றன. நில வரைபடமும் வரிப் பேரேடும் உண்டு. படைக்கு ஆள் எடுக்கும் பட்டியல் உண்டு. காட்டு மரத்தைக் களவாக வெட்டியவர்கள் மீதான வழக்குக் கட்டுகளும் உண்டு.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாமே அரசுக்கு ஏதோ தேவைப்பட்டபோது உருவானவை. வரி வேணும், சிப்பாய் வேணும், மரத்தைக் காப்பாத்தணும். ஒரு தொழிலாளி ஒழுங்காக வேலை செய்து, விற்று, சாப்பிட்டுத் தூங்கிய நாட்கள் எந்தக் கட்டிலும் வராது.

இங்கிலாந்துப் பதிவேடுகளிலும் இதே கதைதான். அங்கே 1861 வரை திவால் சட்டம் வியாபாரம், தொழில் செய்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். நொடித்துப்போனவர் பெயர் லண்டன் கெஜட்டில் அச்சாகும். பக்கத்துத் தெருவில் முப்பது வருஷம் கடனில்லாமல் கடை நடத்தியவர் அந்த கெஜட்டில் இருக்க மாட்டார். இருக்கிற தகவலும் அப்படியே நம்பக்கூடியது இல்லை. 1841 குடிமதிப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள்; 38 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். 1851-ல் சொந்தப் பட்டறைக்காரர்கள் தம்மிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த எண்ணை யாரும் எண்ணிச் சரிபார்த்ததாகக் கொள்ள வேண்டாம், வீட்டுக்காரர் சொன்னதுதான். அதுவும் வீட்டுப் படிவத்திலிருந்து கணக்கெடுப்பாளர் நகல் எடுத்த புத்தகம்தான் இன்று நம் கைக்கு வருகிறது.

கோர்பேன் இந்த வறட்சியைப் பார்த்து மிரளவில்லை. ஆளைப் பற்றித் தெரியாவிட்டால் ஆளைச் சுற்றி இருந்ததைப் பார்ப்போம் என்று போகிறார். காடு எப்படி இருந்தது, எந்தெந்த ஓசைகள் காதில் விழும், சொந்தபந்தம் எத்தனை தூரத்தில் குடியிருந்தது, வறுமை எந்த வருஷம் முற்றியது, 1848-ல் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது அந்த ஊரில் என்ன நடந்தது, 1870-71-ல் பிரஷ்யப் படை வந்தபோது என்ன நடந்தது. பினகோவின் கண் வழியாக நாம் பார்க்கிறோம். பினகோவை மட்டும் பார்ப்பதில்லை. அவர் கோபக்காரரா, மனைவியிடம் எப்படி இருந்தார் என்பதை எல்லாம் கோர்பேன் தொடவே மாட்டார். இந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு ஒப்புதல் இல்லை.

முதலாவது, அந்தக் 'குருட்டாம்போக்கு'. மாவட்டம் கோர்பேனின் சொந்த மாவட்டம். சீக்கிரம் இறந்தவரை ஒதுக்கியாச்சு. ஏறக்குறைய எண்பது வயது வாழ்ந்தவருக்குப் பதிவுகளும் அதிகம், அவர் பார்த்த ஆட்சி மாற்றங்களும் அதிகம். அப்படிப் பார்த்தால் முழுக்க அடையாளமற்றவர் என்றால் அந்த இளவயதில் இறந்தவர்தான். அவருக்குப் புத்தகம் இல்லை. அடையாளமற்றவர்களுக்குள்ளும் தேர்வு நடக்கிறது.

இரண்டாவது பெரிய சிக்கல், வினைச்சொல். தேவாலய மணியைப் பினகோ 'கேட்டிருக்கலாம்' என்பது வேறு, 'கேட்டிருப்பார்' என்பது வேறு, 'கேட்டார்' என்பது வேறு. முதலாவது வாய்ப்பு. இரண்டாவது அனுமானம்: மணி இருந்தது, அவர் வீடு இவ்வளவு தூரத்தில் இருந்தது, ஆகவே. மூன்றாவதுக்குச் சாட்சி வேணும். கோர்பேன் பெரும்பாலும் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு 'இருக்கலாம்' குவியும்போது படிக்கிறவர் மனசில் அவை தாமாகவே 'இருந்தார்' ஆகிவிடுகின்றன. புத்தகத்தை மூடும்போது எனக்கு ஒரு பினகோ தெரிந்தார்: மெதுவாகப் பேசுகிறவர், முதுகு வளைந்தவர். இரண்டுக்கும் ஆதாரம் ஒரு பக்கத்திலும் இல்லை. நான் உருவாக்கிக்கொண்டவர் அவர். இவ்வளவு கவனமான வரலாற்றாசிரியர் கையிலேயே இது நடக்கிறது என்றால், சொந்தப் பாட்டனைத் தேடுகிறவர் நிலைமையை யோசியுங்கள். அவருக்குப் பாசமும் சேர்ந்துகொள்கிறது. சாட்சி இல்லாத இடத்தில் பாசம் புகுந்து வாக்கியத்தை முடித்துவிடும்.

அதனால் ஆபத்து என்ன, யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் அந்தப் பாட்டனுக்குத்தான். நமக்குப் பிடித்த குணங்களை எல்லாம் ஏற்றிய ஒரு பொம்மை அவர் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த தலைமுறை அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். உண்மையில் இருந்த மனிதர் இரண்டாம் முறை காணாமல் போகிறார்.

தேடுகிறவர்களுக்கு இந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு வேலைமுறை இருக்கிறது. தொழில் பெயரோடு நிற்காமல் அந்தத் தொழிலுக்கு மரம் எங்கிருந்து வந்தது, இரும்பு எங்கிருந்து வந்தது, சரக்கை யார் வாங்கினார்கள், அதே தெருவில் அதே தொழிலில் இன்னும் எத்தனை பேர் என்று குடிமதிப்புப் பக்கத்தை முழுசாகப் படிக்கலாம். எழுதி முடித்த பிறகு வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு 'இருந்தார்'க்கும் ஒரு தாள் காட்ட முடியணும். முடியாவிட்டால் 'இருக்கலாம்' என்று திருத்திவிடலாம். கதையில் பாதி போய்விடும், பரவாயில்லை.