சொல்லாமல் பழக்கிய கடை

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டை நோக்கிச் செல்லும் சாலையை அடுத்திருந்த தோட்டங்களில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வகையில்லாமல் நின்றுபோன பையன்களுக்கு, 1960-களில் பால்மரக் காட்டைத் தவிர வேறு போக்கிடமாக வாய்த்தவை மிகச் சிலவே என்பதையும், அவற்றுள் பட்டணத்துச் சைக்கிள் கடையில் வேலை பழகச் சேர்வது சற்றுக் கௌரவமானதாகவே கருதப்பட்டது என்பதையும் என் வயதினர் அறிவார்கள். நானும் 1966-இல், பதினான்கு வயதில், அப்படிச் சேர்ந்தவன். மூன்று ஆண்டுகள் இருந்தேன். அந்தப் பழகுமுறையை இன்று சிலர் குருகுலத்துக்கு ஒப்பிட்டு மெச்சுகிறார்கள். வேறு சிலர், சிறுவர் உழைப்பைக் கூலியின்றி வாங்கிக்கொள்ளச் செய்த ஏற்பாடு என்று அடியோடு தள்ளிவிடுகிறார்கள். இரு சாராரிடமும் எனக்கு உள்ள மனக்குறை ஒன்றே. அந்தக் கடைகளில் நிலவிய மௌனத்தை, வேலையைக் கற்பித்தபடியே அதன் காரணத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்ட அந்த வழக்கத்தை, எவரும் எடுத்து ஆராய்வதில்லை. அம்முறையின் மேன்மையும் கேடும் அந்த ஓரிடத்திலேதான் பிரிகின்றன.

மேன்மையை முதலில் சொல்லிவிடுவது நியாயம். பால்வெட்டு விடியற்காலையில் தொடங்குவது. குளிர் நீங்குமுன் கோட்டுக்கத்தி மரத்தில் விழுந்தால்தான் பால் நன்றாக இறங்கும். ஆகவே இருள் பிரியாத வேளையிலேயே, பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவனுக்கும், அங்கிருந்து தன் நிரைக்குச் சேர வேண்டியவளுக்கும், சைக்கிள் என்பது கையும் காலும் போன்றதாக இருந்தது. நண்பகலுக்குமேல் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் கடைக்குக் கொண்டுவரும் வண்டிகளில், செம்மண்ணும் எண்ணெயும் ஒட்டுப்பாலும் ஒன்றாகிச் செயினின்மேல் ஒரு தோலாகவே படர்ந்திருக்கும். உறைய வைக்கும் அமிலம் சிந்திய இடங்களில் ஸ்போக்கு கம்பி பொரிந்து போயிருக்கும். அந்த வண்டி அன்றிரவே வீடு திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் மறுநாள் ஒரு குடும்பத்தின் பேர் போய்விடும், அதாவது ஒரு நாள் கூலி போய்விடும். பயிற்சிக்கென்று ஒதுக்கிவைத்த பழைய இரும்பில் கைபழகுகிறவனுக்கு இந்தப் பொறுப்பின் பாரம் ஒருநாளும் விளங்காது. நான் ஒட்டிய பஞ்சரின்மேல் ஏறி, எனக்குத் தெரிந்த ஒரு மாமி நாலு மைல் இருட்டில் போகப்போகிறாள் என்ற எண்ணம் எனக்குப் புகட்டிய சிரத்தையை வேறெந்த ஆசிரியரும் எனக்குப் புகட்டியிருக்க முடியாது.

கற்கும் வரிசையும் விவேகமானதே. முதலில் கடை கூட்டுதல், காற்றடித்தல், பிறகு பஞ்சர், அதன்பின் செயின் கழற்றி மண்ணெண்ணெயில் அலசுதல், ஓராண்டு கடந்தபின் ஹப் பிரித்துக் குண்டு மாற்றுதல், கடைசியாக, ரிம்முக்குக் கம்பி கோத்துப் பெண்டு எடுத்தல். தவறினால் நஷ்டம் குறைவான காரியம் முதலிலும், நஷ்டம் மிகுந்தது இறுதியிலுமாக, எவரும் ஏட்டில் எழுதிவைக்காமலே இந்தப் பாடத்திட்டம் அமைந்திருந்தது. ஜீன் லேவ் என்னும் அமெரிக்க மானிடவியலார் லைபீரிய நாட்டுத் தையற்காரர்களிடையே தங்கி ஆராய்ந்து, அங்கே பழகுகிற பையன்கள் பொத்தான் தைப்பதிலும் ஓரம் மடிப்பதிலும் தொடங்கி, துணி வெட்டுவதைக் கடைசியில்தான் கற்கிறார்கள் என்று கண்டறிந்தார். எட்டியன் வெங்கருடன் அவர் எழுதி 1991-இல் வெளியான நூல் இதற்குக் கல்வித்துறையில் ஒரு மதிப்பை உண்டாக்கியது. அதைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்தபோது, எங்கள் கடையின் எண்ணெய்த் தரையை யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனாற்போல எனக்கு இருந்தது.

பெண்டு எடுப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பழைய ஆங்கிலேய வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தை மெல்லச் சுழற்றி, ஒரு சுண்ணாம்புக் கட்டியை ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்தால், கோணிய இடம் தானே வந்து வெள்ளைக்கோடு வாங்கிக்கொள்ளும். ரிம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அவ்விடத்து இடப்பக்கக் கம்பிகளை முறுக்கி, வலப்பக்கத்தவற்றைத் தளர்த்த வேண்டும்; அதுவும் நிப்பிளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. இவ்வளவும் வாயால் சொல்லக்கூடியது. எங்கள் பெரிய மெக்கானிக்கு, நாங்கள் அண்ணே என்று அழைத்த அந்த மனிதர், வேலை முடிந்ததும் கட்டைவிரல் நகத்தால் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டே போவார்; ஒரு கம்பியில் நின்று, மீண்டும் மீட்டி, சாவியைப் போட்டு ஒரு பொட்டு திருப்புவார். மற்றக் கம்பிகளோடு அதன் நாதம் சேரவில்லை என்று அவர் காதுக்குப் பட்டிருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. நூறு சக்கரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிறகு ஒருநாள் எனக்கும் அது கேட்டது.

மைக்கேல் போலானி என்ற தத்துவ ஆசிரியர், 1958-இல் வெளியிட்ட தம் நூலில், சைக்கிள் ஓட்டுகிறவன் எந்த விதியால் விழாமல் ஓட்டுகிறான் என்பதை அவனாலேயே கூற இயலாது என்றும், அந்த விதியைக் கணக்காக எழுதிக் கொடுத்தாலும் அதைக்கொண்டு ஒருவன் ஓட்டக் கற்க இயலாது என்றும் விளக்கினார். கைத்தொழிலைப் போற்றுகிறவர்கள் இக்கருத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டு, பட்டறையின் மௌனம் முழுவதற்கும் அதையே சமாதானமாகக் காட்டுகிறார்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். சொல்ல முடியாதது என்று ஒன்று உண்டு. சொல்லாமல் வைத்துக்கொண்டது என்று மற்றொன்றும் உண்டு. முதலாவது, கம்பியின் நாதத்தைப் போல, மிகச் சிறிய பங்கு. இரண்டாவது பெரும்பங்கு.

என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்துக் கழற்றும்போது, கிராங்கின் கீழே ஓர் இரும்புக் குழாயையோ கனத்த மரக்கட்டையையோ தரையிலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடியின் வேகம் முழுதும் அச்சின் வழியாகக் குண்டுகளில் இறங்கி, அவை அமர்ந்திருக்கும் கிண்ணத்தில் பள்ளம் விழுந்துவிடும். பிறகு எத்தனை கிரீஸ் வைத்தாலும் பெடல் கரகரவென்றே சுற்றும். இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. முட்டில்லாமல் அடித்து, ஒரு கங்காணியின் வண்டியைக் கெடுத்தேன். கடைக்காரரிடம் அறை வாங்கினேன். இரண்டு மாதத்துக் கைச்செலவுப் பணமும் பிடித்தமாயிற்று. அறை விழுந்த பிறகும், எதனால் கெட்டது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அண்ணன் கட்டை வைத்து அடிப்பதை அதற்கு முன்பும் நான் பார்த்திருந்தேன். வண்டி ஆடாமலிருக்க வைக்கிறார் என்று எண்ணியிருந்தேன். காரணம் தெரியாத கண்ணுக்கு, பார்த்தது முழுதும் பார்த்ததாகாது. நாலு வார்த்தையில் முடிகிற செய்தி அது.

மரைகளின் விஷயமும் இத்தகையதே. மற்ற ஆங்கிலேய வண்டிகளில் பெடல் அச்சின் கிண்ணத்துக்கு அங்குலத்துக்கு 24 புரி இருக்க, ராலே கம்பெனி மட்டும் தன் வண்டிகளுக்கு 26 புரி வைத்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றை மற்றொன்றில் பலவந்தமாகத் திருகினால் ஃப்ரேமே பாழ். உதிரிப்பாகம் ஒன்றுக்கொன்று பொருந்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை 1941 டிசம்பரில் இந்த மாநிலமே கண்டது. சைக்கிளிலேயே ஈப்போவையும் கம்பாரையும் நோக்கி இறங்கி வந்த ஜப்பானியப் படை, போருக்கு முன்பே மலாயாவில் விற்பனையாகியிருந்த தன் நாட்டு வண்டிகளின் பாகங்களைக்கொண்டு பழுது பார்த்துக்கொண்டே முன்னேறியது. டயர் போனபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டிய ஓசையைக் கேட்டுப் பலர் டாங்கி வருகிறதென்று அஞ்சினார்கள். இத்தனை முக்கியமான பொருத்த விவரத்தை எங்கள் கடையில் முதலாளியாகிய தவுக்கேயும் அண்ணனும் மட்டுமே அறிந்திருந்தார்கள். பெட்டியிலிருந்து கிண்ணத்தை எடுத்து நீட்டுவார்களேயன்றி, ஏன் இது, ஏன் அது இல்லை என்று கூறமாட்டார்கள்.

ஏன் கூறவில்லை என்பதற்கு, மனிதர்களின் குணத்தைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது, அது சரியன்று. தெரிந்ததெல்லாம் சொல்லிவிட்டால், நாளை அந்தப் பையனே எதிர்ச்சாரியில் ஒரு கடை போட்டுவிடுவான் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. அண்ணனுக்கோ, தம் வித்தை ஒன்றைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. ஓய்வூதியமோ ஒப்பந்தமோ கிடையாது. மலாயாவின் சைக்கிள் வியாபாரத்தில், சீனத்தின் ஃபூஜியான் பகுதியிலிருந்து வந்த ஹெங்ஹுவா வகுப்பினர் பெரும்பங்கு வகித்தனர். ஒருவர் கடையில் பழகியவருக்கு ஊராரும் உறவினருமே கடனுக்குச் சரக்குக் கொடுத்துத் தனிக்கடை வைக்க உதவினார்கள். இந்த ஒத்துழைப்பு போற்றத்தக்கது. நம்மவரிடையே இது போதிய அளவு வேர்பிடிக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அந்த உறவுக்குள் பிறந்த பையனுக்குக் கடையின் மௌனம் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது கலைந்துவிடும். தோட்டத்துப் பையனுக்கு அது கலைவதற்கு இடமே இருக்கவில்லை. அவன் கைவேலையைக் கற்றான். கொள்முதல், விலை, கடன், கணக்கு ஆகியவற்றைக் கற்கவில்லை. ஆயுள் முழுதும் பிறர் கடையில் நல்ல மெக்கானிக்காக இருந்து முடிந்தவர்களை நான் அறிவேன்.

கூலியின் பக்கம் விரைவிலேயே சொல்லி முடியக்கூடியது. மதியச் சாப்பாடும், தீபாவளிக்கு ஒரு சட்டையும், மாதம் சில வெள்ளியும் கிடைத்தன. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பழகுவோருக்கு ஏழாண்டுகள் விதித்திருந்தது. 1814-இல்தான் அவ்விதி நீங்கியது. ஆடம் ஸ்மித் 1776-இலேயே அதைக் கண்டித்து, கடிகாரத் தொழிலைக்கூடச் சில வாரங்களில் விளக்கிவிடலாம், கைத்திறம் பயிற்சியால் வரும், ஆகவே பழகுகிறவனுக்குத் தொடக்கத்திலிருந்தே வேலைக்கேற்ற கூலி கொடுத்துவிட்டு அவன் பாழாக்கும் பொருளுக்கு அவனே பொறுப்பேற்கச் செய்யலாம் என்று எழுதினார். பாழாக்கிய பொருளுக்குப் பொறுப்பேற்பதை மட்டும் எங்கள் கடை அவரைக் கேளாமலே கைக்கொண்டிருந்தது. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், தொழில் பழகும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பயிற்சி முறைப்படி அளிக்கப்பட வேண்டும் என்கிறது. எழுத்து என்ற ஒன்றை நாங்கள் கண்டது வாடிக்கைக்காரர்களின் கடன் புத்தகத்தில்தான்.

பின்னர்க் காலம் மாறிற்று. ஹோண்டா கப்பு வந்து சைக்கிளின் இடத்தை வாங்கிக்கொண்டது. தோட்டங்கள் அதற்கு முன்பிருந்தே துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டு வந்தன. அந்தத் துண்டாடலின் துயரத்தைக் கண்டுதான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டப்பட்ட இடங்களில் செம்பனை நின்றது. லயங்கள் காலியாகி, மக்கள் ஈப்போவின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, சைக்கிள் கடையில் பழகியவனிடம் கை இருந்தது. கையை நிரூபிக்கும் காகிதம் இல்லை. தொழிற்சாலை வாசலில் அவனுடைய பதினைந்து ஆண்டு அனுபவத்துக்கு ஒரு பெயர் சொல்லத் தெரியாமல் நின்றான். அவன் கற்ற எதற்கும் கடையில் எவரும் பெயர் சூட்டியிருக்கவில்லை.

இன்றைய ஏற்பாடுகள் இக்குறையைப் பெருமளவு உணர்ந்தவை. ஜெர்மானிய முறையைத் தழுவி 2005-இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சித் திட்டம், காலத்தின் பெரும்பகுதியைத் தொழிலிடத்திலும் எஞ்சியதை வகுப்பிலும் கழிக்கச் செய்கிறது. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது; பட்டறையிலேயே கற்றவன் தன் வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மீண்டும் வகுப்பில் உட்காராமலே அதைப் பெறவும் ஒரு வழி உண்டு. ஆயினும் அந்தத் தொகுப்பில் தன் வேலையைத் தானே விவரித்து எழுத வேண்டியிருக்கிறது; சொல் கேளாமல் வளர்ந்தவனுக்கு அந்தப் படிவம் எத்தனை பெரிய மலை என்பதை, நண்பர்கள் இருவருக்கு நிரப்பிக் கொடுத்தபோது கண்டேன். பெண்டு எடுக்கத் தெரியும் என்பதற்கு மேல் அவர்களால் ஒரு வரி கூற முடியவில்லை. ஆனால் சக்கரத்தைக் கையில் கொடுத்தபோது, ஒருவர் மீட்டிக் காட்டினார்.

சென்ற ஆண்டு, ஈப்போவின் புந்தோங்கில் ஒரு சிறிய சைக்கிள் கடையில், பேரனுடைய வண்டிக்காகக் காத்திருந்தேன். என் வயதையொத்த கடைக்காரர், தம் தங்கை மகனுக்குப் பின் ஹப்பில் குண்டு அடுக்கக் காட்டிக்கொண்டிருந்தார். பையன் கிரீஸில் ஒன்பது குண்டுகளைப் பதித்துவிட்டு, மிஞ்சிய இடைவெளியைப் பார்த்து, “மாமா, இன்னொண்ணு போகும் போல இருக்கே?” என்றான். என் காலத்தில் அக்கேள்விக்குப் பதில் பின்மண்டையில் கிடைத்திருக்கும். அவர் பத்தாவது குண்டை எடுத்துப் பையன் கையிலேயே கொடுத்தார். “போட்டுப் பாரு. இப்போ அச்சைச் சுத்து.” பையன் சுற்றினான், இறுகிற்று. “ஒண்ணையொண்ணு நெருக்குதா? உருள எடம் வேணும்டா அதுக்கு. எடு அதை.” பையன் குண்டை நகத்தால் கிள்ளியெடுத்துத் துணியில் துடைத்தான், கோனைத் திருகிவிட்டு, இரண்டு விரலால் அச்சைச் சுழற்றிக் காதருகே கொண்டுபோனான்.