தையல் மெஷின் நின்றது, எரிவாயு நிற்கவில்லை

மியான்மர் ராணுவத்துக்கு நெருக்கமான சிலரின் பெயர்களை 2025 ஜூலையில் அமெரிக்கா தன் தடைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீக்கியது. கே.டி. சர்வீசஸ், எம்.சி.எம். குழுமம், சன்டாக் டெக்னாலஜீஸ் ஆகிய நிறுவனங்களும் அவற்றை நடத்துபவர்களும் அதில் அடக்கம். ராணுவத் தலைவர் மின் ஆங் ஹ்லைங், அதிபர் டிரம்ப்பைப் புகழ்ந்து கடிதம் எழுதி ஏறக்குறைய இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள் அமெரிக்க அதிகாரிகள். அப்படியானால் ஏன் நீக்கினார்கள்? அதற்குத் தெளிவான விளக்கம் வரவில்லை.

ஜனநாயகத்தை மீட்கவும் ஊழலை ஒழிக்கவும் பொருளாதாரத் தடை என்ற ஆயுதத்தை மேற்கு நாடுகள் அதிக காலம் சோதித்துப் பார்த்த இடங்களில் மியான்மரும் ஒன்று. அங்கே நடந்ததை வைத்துப் பார்த்தால், 'தடை பலிக்குமா, பலிக்காதா' என்று கேட்பதில் பெரிய பயனில்லை என்று தோன்றுகிறது. எந்தப் பணத்தை, எந்த இடத்தில் மறித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

1988 எழுச்சியை ராணுவம் நசுக்கியது. 1990 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி அமோகமாக வென்றும் ஆட்சியைத் தரவில்லை. 1997இல் அதிபர் கிளின்டன் புதிய அமெரிக்க முதலீடுகளுக்குத் தடை விதித்தார். இதில் 'புதிய' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். யடானா கடல் எரிவாயுத் திட்டத்தில் பிரான்ஸின் டோட்டலுடன் சேர்ந்து ஏற்கெனவே பணம் போட்டிருந்த அமெரிக்க நிறுவனமான யூனோகாலை அந்தத் தடை தொடவில்லை. குழாய் தாய்லாந்து வரை போனது. டாலர் ராணுவ அரசின் கஜானாவுக்கு வந்தது. பின்னாளில் யூனோகாலை வாங்கிய செவ்ரானும், டோட்டலும் வெளியேறுவதாக அறிவித்தது 2022 ஜனவரியில். கால் நூற்றாண்டு!

2003இல் சூச்சியின் வாகன அணி டெபாயினில் தாக்கப்பட்டது. கோபமடைந்த அமெரிக்க காங்கிரஸ், மியான்மரிலிருந்து வரும் எல்லாப் பொருள்களின் இறக்குமதிக்கும் தடை போட்டது. அமெரிக்காவுக்கு அங்கிருந்து அதிகம் போனவை தைத்த ஆடைகள். யாங்கூன் தொழிற்பேட்டைகளில் தையல் மெஷின்கள் நின்றன. வேலை இழந்த பல்லாயிரம் பேரில் பெரும்பாலானோர் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள். அவர்களில் சிலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரியே அதே ஆண்டு காங்கிரஸில் சொன்னார். ஜெனரல்களின் வருமானம் அதனால் ஆட்டம் காணவில்லை. அது எரிவாயுவிலும் மரத்திலும் ரத்தினக் கற்களிலும் இருந்தது. எளிதில் தடுக்கக்கூடியதைத் தடுத்துவிட்டு, தடுக்க வேண்டியதை விட்டுவிட்டார்கள். இந்தப் பழக்கத்தின் மீது எனக்கிருக்கும் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

ரத்தினக் கதை இன்னும் விசித்திரம். மியான்மர் மாணிக்கம் தாய்லாந்தில் பட்டை தீட்டப்பட்டால் சட்டப்படி தாய்லாந்துக் கல்லாகி அமெரிக்கக் கடைகளுக்குள் நுழைந்தது. 2008இல் புதிய சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதே சட்டம் ஜேட் கல்லையும் தடுத்தது. ஆனால் மியான்மர் ஜேடுக்குச் சந்தை சீனா. நியூயார்க்கில் தடை போட்டால் எல்லை தாண்டி யுன்னானுக்குப் போகும் லாரி நிற்குமா?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ராணுவத்தோடு ஒட்டி வளர்ந்த தொழிலதிபர் டே ஸாவை 2007 அக்டோபரில் அமெரிக்கா பட்டியலில் சேர்த்தது. அடுத்த சில வாரங்களில் அவருடைய ஏர் பகான் நிறுவனம் சிங்கப்பூர் சேவையை நிறுத்தியது. குறிபார்த்து அடித்தால் வலிக்கும் என்பதற்கு அது சான்று. ஊழலைப் பொறுத்தவரை இந்த முறைக்கே நான் மதிப்பெண் போடுவேன். நாடு முழுவதையும் முடக்குவதைவிட, ஒரு மனிதரின் வங்கிக் கணக்கை முடக்குவது நியாயமானதும்கூட.

2011இல் அதிபர் தெய்ன் செய்னின் அரசு சீர்திருத்தம் தொடங்கியதும் 'தடை வென்றது' என்று பலர் எழுதினார்கள். பாதி உண்மை. சீனாவை மட்டுமே நம்பியிருப்பது ஜெனரல்களுக்கே கசந்துவிட்டிருந்தது. சீன முதலீட்டில் எழுந்துகொண்டிருந்த மியிட்சோன் அணைத் திட்டத்தை அந்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். மேற்கின் கதவு மூடிக்கிடந்ததால்தான் அந்தக் கசப்பு முற்றியது என்ற அளவில் தடைக்கும் பங்குண்டு. அதற்கு மேல் பெருமை கொண்டாட இடமில்லை.

பெரிய பிழை, தடையை எடுத்த விதத்தில் நடந்தது. 2008 அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்தின் 25 விழுக்காட்டு இடங்களும் பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகார அமைச்சகங்களும் ராணுவத்தின் கையில். அவற்றில் ஒன்றையும் அது விட்டுக்கொடுக்காத நிலையிலேயே, 2016 அக்டோபரில் எஞ்சியிருந்த முக்கியத் தடைகளையெல்லாம் ஒபாமா நீக்கினார். அடுத்த ஆண்டே ராணுவத்தின் கொடுமைக்குத் தப்பி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். மின் ஆங் ஹ்லைங்கின் மீது சொத்து முடக்கம் வந்ததோ 2019 டிசம்பரில். பிடியை முழுதாக விட்டுவிட்டு, மூன்றாண்டு கழித்து ஒரு விரலை மட்டும் பிடித்த கதை.

2021 பிப்ரவரி 1 அன்று சூச்சி கட்சியின் அரசை ராணுவம் கவிழ்த்த பின் நடந்தவை கூடுதல் பாடம் தருகின்றன. சில நாள்களுக்குள் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த ஏறக்குறைய 100 கோடி டாலரை எடுக்க ராணுவம் முயன்றது. வங்கி முதலில் இழுத்தடித்தது. பிறகு அதிபர் பைடனின் ஆணை வந்து பணம் முடங்கியது. ஒரு கையெழுத்தில் இவ்வளவு பெரிய தொகை கொள்ளையரிடம் போகாமல் நின்றது. தடையே வீண் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2023 மே மாதம் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் கணக்கு வெளியிட்டார். கவிழ்ப்புக்குப் பின் சுமார் 100 கோடி டாலர் ஆயுதங்களும் உதிரிபாகங்களும் மூலப்பொருள்களும் உள்ளே போயிருந்தன. ரஷ்யா, சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தது சிங்கப்பூர்: அங்கே இயங்கிய நிறுவனங்கள் வழியாக 25.4 கோடி டாலர். சிங்கப்பூர் அரசு விசாரணையில் இறங்கியது. அந்த ஜூனில் அமெரிக்கா மியான்மரின் இரண்டு அரசு வங்கிகளைத் தடை செய்தது, பின்னர் சிங்கப்பூரின் யு.ஓ.பி. வங்கியும் மியான்மர் வங்கிகளுடனான கணக்குகளைத் துண்டித்தது. 2024இல் வந்த அடுத்த அறிக்கைப்படி, 2022 நிதியாண்டில் 11 கோடி டாலராக இருந்த சிங்கப்பூர் வழி வரத்து, மறு ஆண்டில் ஒரு கோடியளவுக்கு வீழ்ந்தது.

அதே அறிக்கையின் இன்னொரு வரி: தாய்லாந்து வழி வரத்து 6 கோடியிலிருந்து ஏறக்குறைய 13 கோடிக்கு ஏறியது. தடை செய்த வங்கிகளின் வேலையை, அப்போது தடைக்குள் வராத மியான்மா எகனாமிக் பேங்க் எடுத்துக்கொண்டது. தடை நின்ற இடத்தில் பணம் வேறு தெரு பிடித்தது. ஆனாலும் மொத்த வரத்து குறைந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. மியான்மரில் தடை ஜனநாயகத்தைக் கொண்டுவரவில்லை. இனியும் தனியாக அதைக் கொண்டுவராது. ஆனால் குண்டு வாங்கும் பணத்தைக் குறைக்கும் வல்லமை அதற்கு உண்டு, அண்டை நாடுகளின் வங்கிகள் ஒத்துழைத்தால். எதற்காகப் போட்டோம், எது நடந்தால் எடுப்போம் என்பதை முதல் நாளே எழுதிவைக்காத தடை, ஒரு புகழ்ச்சிக் கடிதத்தோடு சேர்த்துப் பேசப்படும் நிலைக்குத்தான் வந்து சேரும்.

வாஷிங்டனைக் குறைசொல்வதோடு நாமும் நிறுத்திக்கொள்ள முடியாது. ஆண்ட்ரூஸின் 2023 கணக்கில் இந்தியாவின் பெயரும் இருந்தது: 5.1 கோடி டாலர், அதில் அரசுத் துறை நிறுவனங்களின் பங்கும் உண்டு. மியான்மருடன் 1,643 கிலோமீட்டர் எல்லை கொண்ட நாடு நம்முடையது. அந்த விற்பனை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.